மலையக வீட்டில் மின்னேற்றும் பெட்டரிகள்: வாங்கும் நாள் முதல் ஒப்படைக்கும் நாள் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு தோட்டத்து வீட்டில் மின்னேற்றிப் பயன்படுத்தும் பெட்டரிகள் எத்தனை இருக்கும் என்று கேட்டால் இரண்டோ மூன்றோ என்றுதான் பலரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாளும் பென்சிலுமாக எங்கள் காம்பராவையும் குசினியையும் இஸ்தோப்பையும் (முன் திண்ணையையும்) சுற்றிவந்து எழுதியபோது கணக்கு 17இல் போய் நின்றது. கையடக்கத் தொலைபேசிகள் மூன்று, அம்மாவின் பொத்தான் போன் ஒன்று, பவர் பேங்க் ஒன்று, டோர்ச் லைட் இரண்டு, கரண்ட் போனால் எரியும் எமர்ஜென்சி விளக்கு ஒன்று, வானொலிக்குள் பென்சில் பெட்டரி இரண்டு, பிள்ளையின் விளையாட்டுக் காருக்குள் நான்கு, மரக்கறிப் பாத்திக்கு மருந்து அடிக்கும் டாங்கிக்குள் ஒன்று, இவை 15. மீதி இரண்டும் அலுமாரி லாச்சிக்குள், ஊசி நூல் டப்பாவுக்குப் பக்கத்தில், குட்டித் தலையணை போல உப்பிக் கிடந்த பழைய போன் பெட்டரிகள். இந்த வழிகாட்டியை எழுத வைத்தவை அந்த இரண்டும்தான்.

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, மெழுகுதிரியும் குப்பி லாம்பும் போதும் என்றிருந்த வீடுகளுக்குள்ளும் மின்னேற்றும் விளக்குகள் வந்து சேர்ந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் மண்சரிவுகளும் மலையகத்தை உலுக்கி மின்கம்பிகளை அறுத்த பிறகு, பவர் பேங்க் ஒன்றின் அருமையை எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாங்குவதில் நாம் தேறிவிட்டோம்; மின்னேற்றுவதிலும், அதைவிட முக்கியமாக, பழுதானதைக் கைவிடுவதிலும்தான் இன்னும் தேறவில்லை. பெட்டரி செத்துவிட்டது என்று நாம் சொல்லும்போது, ஒரு கருவியை ஓட்டும் வலு அதற்கு இல்லை என்பது மட்டுமே உண்மை. உள்ளே கொஞ்சம் மின்சாரம் எஞ்சியிருக்கும். இரசாயனப் பொருளோ போட்டது போட்டபடி முழுதாக இருக்கும்.

எந்த இனம் என்று முதலில் பாருங்கள்

ஒரு பெட்டரியை எப்படி நடத்த வேண்டும் என்பது அது எந்த இனம் என்பதைப் பொறுத்தது. ஆகவே உங்கள் வீட்டிலும் ஒருமுறை தாளும் பென்சிலும் எடுத்துச் சுற்றிவாருங்கள். மேலே அச்சிட்டிருக்கும் வோல்ட் எண்ணே பெரும்பாலும் இனத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

3.6 அல்லது 3.7 வோல்ட் என்றிருந்தால் அது லித்தியம் அயன். கையடக்கத் தொலைபேசி, மடிக்கணினி, பவர் பேங்க், இப்போது வரும் பெரும்பாலான டோர்ச் லைட்டுகள் எல்லாவற்றிலும் இருப்பது இதுதான். முழுதாக நிரம்பும்போது இதன் அளவு 4.2 வோல்ட், அதைத் தாண்டி ஏற்றுவது ஆபத்து. இதற்குள் இருக்கும் திரவம் தீப்பற்றக்கூடியது என்பதே மற்ற இனங்களிலிருந்து இதைப் பிரிக்கும் பெரிய வேறுபாடு. சூரிய ஒளி விளக்குகள் சிலவற்றில் 3.2 வோல்ட் என்று எழுதிய லித்தியம் இரும்பு பொஸ்பேட் இருக்கும். இது கொஞ்சம் பொறுமைசாலி. ஆனால் 3.65 வோல்ட்டிலேயே நிரம்பிவிடும் என்பதால், 4.2 வோல்ட் வரை ஏற்றும் சார்ஜரில் இதைப் போடக்கூடாது.

பென்சில் பெட்டரி வடிவத்தில் 1.2 வோல்ட் என்றிருந்தால் நிக்கல் மெட்டல் ஹைட்ரைட். அதே வடிவத்தில் 1.5 வோல்ட் என்று எழுதிய சாதாரண அல்கலைன் பெட்டரி மின்னேற்றுவதற்கு உரியதல்ல. வெயிலில் காயவைத்தோ சார்ஜரில் போட்டோ அதற்கு உயிர் கொடுக்கப் பார்ப்பது, உள்ளே இருக்கும் காரத்தை வெளியே ஒழுக வைப்பதில்தான் முடியும். பழைய கம்பியில்லாத் தொலைபேசிகளிலும் பழைய எமர்ஜென்சி விளக்குகளிலும் நிக்கல் கட்மியம் இருக்கலாம். கட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நச்சு உலோகம். அந்தப் பெயரைக் கண்டால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

நான்காவது இனத்துக்கு எழுத்தே வேண்டாம், கையில் எடுத்தாலே தெரியும். சிறிய பெட்டிக்குள் அவ்வளவு பாரம் இருந்தால் அது ஈய அமிலப் பெட்டரி. ஓர் அறைக்கு 2 வோல்ட் என்பதால் இவை 4, 6, 12 என்று வரும். மலிவான டோர்ச் லைட்டில் 4 வோல்ட், எமர்ஜென்சி விளக்கில் 6 வோல்ட், மருந்து டாங்கியிலும் முச்சக்கரவண்டியிலும் 12 வோல்ட் இருப்பது வழக்கம்.

வாங்கும்போது எண்ணை நம்பி ஏமாறாதீர்கள்

டோர்ச் லைட்டுகளில் வரும் உருளை லித்தியம் பெட்டரியின் பெயர் 18650; 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம் என்பதே அந்தப் பெயரின் பொருள். அந்த அளவுள்ள உருளைக்குள் நல்ல நிறுவனங்களால் அடக்க முடிவது ஏறத்தாழ 3500 மில்லிஅம்பியர் மணி (mAh என்று அச்சிடும் கொள்ளளவு). எனவே 9900 என்று மின்னும் எழுத்தில் அச்சிட்டிருந்தால் அது பொய் என்று கடையில் நின்றபடியே முடிவு செய்யலாம். நான் ஒருமுறை நடைபாதைக் கடையில் அப்படி ஒன்றை வாங்கி வந்தேன். மின்னணுத் திருத்த வேலை செய்யும் நண்பரின் கருவியில் போட்டுப் பார்த்தபோது 1100ஐக்கூட அது எட்டவில்லை. எடை இன்னொரு சாட்சி: முறையான 18650 ஒன்று 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். ஒரு தீப்பெட்டியைத் தூக்குவது போல இலேசாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

பவர் பேங்க் விடயத்தில் எண் பொய்யாக இல்லாவிட்டாலும் கணக்கு வேறு. 10,000 மில்லிஅம்பியர் மணி என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் பெட்டரியின் அளவு. அதை வோல்ட்டால் பெருக்கினால் கிடைக்கும் ஆற்றல் 37 வாட் மணி. வெளியே 5 வோல்ட்டாக மாற்றும்போதும், போனுக்குள் மறுபடி ஏற்றும்போதும் ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும். 5000 கொள்ளளவுள்ள போனை அது இரண்டு தடவை நிரப்பாது. ஒன்றரைத் தடவை நிரப்பினால் நல்ல பவர் பேங்க் என்று கொள்ளலாம். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் புறப்படுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பவர் பேங்கைக் கைப்பையில்தான் எடுத்துச்செல்லலாம், விமானத்தின் அடித்தட்டுக்குப் போகும் பெரிய பெட்டிக்குள் வைக்கக்கூடாது. 100 வாட் மணிக்கு மேற்படாதவற்றுக்கே பொதுவாக அனுமதி உண்டு.

பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிடுவதற்கு அந்தத் துண்டுக் கடதாசிதான் ஆதாரம்.

மின்னேற்றும் இடமும் நேரமும்

இந்தப் பகுதியைச் சற்று நிதானமாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தனி வீட்டில் ஒரு பெட்டரி தீப்பிடித்தால் ஒரு குடும்பத்துக்கு நட்டம். வரிசை வீடுகளான லயத்தில் கூரை ஒன்று, கூரையைத் தாங்கும் மரமும் ஒன்று. ஒரு காம்பராவில் பற்றும் தீ கோடிக் காம்பரா வரை ஓடிய செய்திகளை நாம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். அதனால் எங்கே மின்னேற்றுகிறோம் என்பது அக்கம்பக்கத்தாரின் காரியமும்கூட.

சீமெந்துத் தரை, ஓடு பதித்த திட்டு, அல்லது ஒரு தகரத் தட்டு, இவற்றின் மேல் வைத்து மின்னேற்றுங்கள். மெத்தை, தலையணை, துணிக்குவியல், அரிசி மூட்டை இவற்றின் மேல் வைக்கும்போது இரண்டு தவறுகள் ஒன்றாக நடக்கின்றன: பெட்டரியின் வெப்பம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்குகிறது, பற்றிக்கொண்டால் எரிவதற்குப் பொருளும் கீழேயே தயாராக இருக்கிறது. அடுப்புக்கு மேலே விறகு காயவைக்கும் பரணும் கூடாது. வெளியேறுவதற்கு ஒரே வாசல் உள்ள காம்பராவில் அந்த வாசலுக்குப் பக்கத்திலும் வேண்டாம். தீ வாசலில் இருந்தால் ஆட்கள் உள்ளே அகப்பட்டுக்கொள்வார்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, வீட்டில் யாராவது விழித்திருக்கும் நேரமே மின்னேற்றும் நேரம். காலையில் நான்கு மணிக்கே எழும்பிப் பெரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) ஆயத்தமாகும் வீடுகளில், இரவு படுக்கும்போது போனைச் செருகிவிட்டுத் தூங்குவதே வழக்கமாகிவிட்டது. மாலை ஆறுக்கும் ஒன்பதுக்கும் இடையில், சமையலும் பிள்ளைகளின் படிப்புமாக எல்லோரும் நடமாடும் அந்த மூன்று மணித்தியாலம் போன்களுக்குத் தாராளமாகப் போதும். முதல் நாள் எட்டு மணித்தியாலம் தொடர்ந்து ஏற்ற வேண்டும், முழுதாக இறங்கிய பிறகுதான் மறுபடி ஏற்ற வேண்டும் என்ற பேச்செல்லாம் நிக்கல் கட்மியம் காலத்து வழக்கு. லித்தியத்துக்கு அது நேர்மாறு: பூச்சியம் வரை இறக்குவதும் நூறிலேயே வைத்திருப்பதும்தான் அதன் ஆயுளைக் குறைக்கும். 20க்கும் 80க்கும் இடையில் ஓடவிட்டால் நெடுநாள் உழைக்கும்.

சார்ஜரில் பார்க்க வேண்டியது வோல்ட். முள்முனை பொருந்துகிறது என்பதற்காக 6 வோல்ட் விளக்குக்கு 9 வோல்ட் சார்ஜரைச் செருகக்கூடாது. துளை ஒன்றானாலும் மின்னழுத்தம் ஒன்றாகாது. நிக்கல் பென்சில் பெட்டரிகளுக்கான சார்ஜரில் லித்தியத்தைப் போடுவதும், லித்தியம் சார்ஜரில் நிக்கலைப் போடுவதும் ஒரே அளவு தவறு. தானாக நிற்காத மலிவுச் சார்ஜர் என்றால் நேரத்தை நீங்களே கணக்கிட வேண்டும். 2000 மில்லிஅம்பியர் மணி உள்ள பென்சில் பெட்டரியை 200 மில்லிஅம்பியர் சார்ஜரில் போட்டால் பத்து மணித்தியாலத்தில் நிரம்பும் என்று வகுத்தல் சொல்லும். ஆனால் ஏற்றுவதில் ஒரு பகுதி வெப்பமாக வீணாவதால் 14 முதல் 16 மணித்தியாலம் தேவைப்படும். ஒரே கருவிக்குள் புதியதும் பழையதுமாகக் கலந்து போடாதீர்கள். வலுக்குறைந்த பெட்டரி முதலில் காலியாகி, மற்றவை அதனூடாக மின்னைத் தலைகீழாகத் தள்ளும்போது அது கெட்டுப்போகும்.

செருகி பற்றி ஒரு வார்த்தை. பழைய வீடுகளில் வட்டத் துளை, புதிய வீடுகளில் 13 அம்பியர் சதுரத் துளை. சதுரத் துளையின் மேல் ஓட்டையைப் பேனா முனையால் நெம்பி, இரண்டு கால் சார்ஜரைத் திணிக்கும் வித்தை நம்மில் பலருக்குத் தெரியும். அப்படிச் செருகிய கால் தளர்வாக நிற்கும்; தளர்ந்த இடத்தில் பொறி பறக்கும்; பிளாஸ்டிக் மஞ்சளாகி, பிறகு கறுத்துவிடும். பொருத்தமான மாற்றிச் செருகி ஒன்றை வாங்கிவிடுவது மேல்.

கரண்ட் போனவுடன் சார்ஜர்களைக் கழற்றிவிடுங்கள். திரும்பி வந்து விளக்கு துடிக்காமல் நிலையாக எரிகிறது என்று கண்டபின், ஐந்து பத்து நிமிடம் கழித்துச் செருகலாம். மார்ச் ஏப்ரலிலும் ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேர இடி தொடங்கும்போதும் அப்படியே செய்யுங்கள்.

பனியும் அடுப்பும்

கொழும்பில் எழுதப்படும் அறிவுரைகள் வெப்பத்தைப் பற்றி மட்டுமே எச்சரிக்கின்றன. நமக்குக் குளிரும் ஒரு காரணி. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனி படிவதுண்டு. குளிரில் எந்தப் பெட்டரியும் தற்காலிகமாக வலுக்குறையும். 30 விழுக்காடு காட்டிய போன் இஸ்தோப்பில் திடீரென்று அணைந்தால் அது பழுது என்று பதறத் தேவையில்லை. ஆனால் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த லித்தியம் பெட்டரியை அப்படியே மின்னேற்றினால், லித்தியம் உலோகமாக உள்ளே படிந்து நிரந்தரப் பழுதை உண்டாக்கும். இரவு முழுதும் வெளியே கிடந்த டோர்ச்சையோ சூரிய விளக்கையோ முதலில் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள்.

அறை வெப்பம் என்றால் அறையின் வெப்பம்தான், அடுப்பின் வெப்பமல்ல. குளிர்ந்த போனை அடுப்பங்கரையில் வைத்துச் சூடாக்குவது எங்கள் வீட்டிலும் நடந்தது. என் போனை ஈர உடுப்பு காயும் கொடியின் கீழே, அடுப்பிலிருந்து ஒரு முழம் தள்ளி, செருகியபடியே வைத்திருந்தேன். இரண்டாவது வாரத்தில் அதை மேசையில் கிடத்தினால் தட்டையாக உட்கார மறுத்துப் பம்பரம் போல ஆடியது. பின்மூடியின் ஓரத்தில் ஒரு நகம் நுழையும் அளவு இடைவெளி. லாச்சிக்குள் கிடந்த இரண்டில் ஒன்று அதுதான்.

மூடுபனியும் தன் பங்கைச் செய்கிறது. குளிர்ந்த பொருளைச் சூடான குசினிக்குள் கொண்டுவந்தால் கண்ணாடியில் படிவது போல உள்ளேயும் ஈரம் படியும். அரை மணித்தியாலம் விட்டு, துடைத்து, பிறகு செருகுங்கள். நெடுநாள் பயன்படுத்தாத கருவியிலிருந்து பென்சில் பெட்டரிகளைக் கழற்றி வையுங்கள். கழற்றக்கூடிய லித்தியத்தைப் பாதி நிரம்பிய நிலையில், வீட்டின் குளிர்ச்சியான உலர்ந்த மூலையில் வைப்பது நல்லது.

ஈயப் பெட்டரிக்கு வேறு ஒழுங்கு

தோட்டங்களுக்கு மின்சாரம் வராத காலத்தில், தொலைக்காட்சி பார்ப்பதற்காகக் கார் பெட்டரியைச் சாக்கில் கட்டித் தோளில் சுமந்து, டவுனுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் போட்டு வந்தவர்களை மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். சுமந்து வந்த அன்று சட்டையில் எதுவும் தெரியாது. அடுத்த தடவை பீலியில் (ஊற்றுநீர் விழும் குழாயடியில்) போட்டுத் துவைக்கும்போதுதான் முதுகுப்பக்கம் சல்லடையாகப் பிரியும். கந்தக அமிலத்தின் வேலை அது. அந்தத் துணிக்கு நேர்ந்தது கண்ணுக்கும் நேரும் என்பதால், அமிலம் பட்டால் ஓடும் நீரில் 15 முதல் 20 நிமிடம் கண்ணைத் திறந்து கழுவியபின் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

லித்தியத்தைப் பாதியில் வைத்திருக்கலாம் என்றேன். ஈயத்தை அப்படி வைத்தால் கெட்டுவிடும். காலியாகவோ அரைகுறையாகவோ கிடக்கும் ஈயத் தகடுகளில் சல்பேட் படிகங்கள் இறுகி, பிறகு மின்னேற்றத்தை ஏற்க மறுக்கும். மருந்து டாங்கி ஒரு போகம் சும்மா கிடந்து அடுத்த போகத்தில் வேலை செய்யாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். வேலை முடிந்த அன்றே முழுதாக நிரப்புங்கள். சும்மா கிடக்கும் காலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி நிரப்புங்கள். 12 வோல்ட் பெட்டரி ஓய்வில் 12.6க்கு மேல் காட்டினால் நிறைவு. 12க்குக் கீழே போனால் ஏறத்தாழக் காலி.

மின்னேறும்போது, அதிலும் முக்கியமாக அளவுக்கு மேல் ஏறும்போது, இது ஐதரசன் வாயுவை விடும். காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே அது வெடிக்கவல்லது. எனவே முச்சக்கரவண்டிப் பெட்டரியைக் கழற்றிக் குசினிக்குள் வைத்து, பக்கத்தில் அடுப்பும் எரியச் சார்ஜ் போடுவதைப் போன்ற விபரீதம் வேறில்லை. சன்னல் திறந்த இடமோ மழை படாத இஸ்தோப்போதான் சரியான இடம். மூடி திறக்கும் வகையில் குறைவது தண்ணீர். அதற்குக் காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றலாம், பீலித் தண்ணீரை ஊற்றக்கூடாது. மூடி இல்லாத அடைப்பு வகையை எதற்காகவும் நெம்பித் திறக்காதீர்கள்.

உப்பினால், சூடானால், எரிந்தால்

லித்தியம் பெட்டரி கெடும் முன் பெரும்பாலும் அடையாளம் காட்டும்: உப்பும், கை வைக்க முடியாமல் சுடும், இனிப்பும் நெடியும் கலந்த வர்ணப்பூச்சு மணம் வரும், மின்னேற்றம் திடீரென ஏறி இறங்கும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்தப் பெட்டரியின் கணக்கு முடிந்தது. செருகியைக் கழற்றுங்கள், கருவியை அணையுங்கள், இலகுவாகக் கழன்று வந்தால் மட்டும் பெட்டரியை வெளியே எடுங்கள். ஒட்டியிருந்தால் கத்தியால் நெம்பாமல், போனோடு சேர்த்தே வெளியே வைத்துவிட்டுத் திருத்துபவரிடம் கொண்டுபோங்கள். உப்பலை ஊசியால் குத்திக் காற்றை இறக்கலாம் என்று சொல்லும் கைவைத்தியர்கள் எல்லா ஊரிலும் உண்டு. உள்ளே இருப்பது காற்றல்ல, தீப்பற்றும் வாயு. ஊசி உள்ளே தொடுவது ஒன்றையொன்று தொடவே கூடாத இரண்டு தகடுகளை.

தீப்பற்றிவிட்டால் ஆட்களை முதலில் வெளியேற்றுங்கள். புகையில் ஐதரசன் புளோரைட் போன்ற நச்சு வாயுக்கள் இருக்கும். அதைச் சுவாசித்தபடி பொருட்களைக் காப்பாற்ற நிற்கக்கூடாது. போன், டோர்ச் அளவுள்ள சிறிய பெட்டரி என்றால், சுவர் இணைப்பைத் துண்டித்தபின் தூரத்திலிருந்து நிறையத் தண்ணீர் ஊற்றலாம். சுடரை அணைப்பதோடு நின்றுவிடாமல், உள்ளே தொடரும் வெப்பத்தைக் குளிரவைக்கத் தண்ணீர்தான் உதவும். ஒரு தடவை அணைந்தது மறுபடி பற்றிக்கொள்ளும் என்பதால் பல மணித்தியாலம் வெளியே, ஆட்கள் அணுகாத இடத்தில் விட்டுவிடுங்கள். தீயணைப்புக்கு 110, அம்புலன்ஸுக்கு 1990. இந்த இரண்டையும் கதவின் உட்புறம் எழுதி ஒட்டுவது ஒரு நிமிட வேலை.

ஒழுகிய பெட்டரி அவ்வளவு பயங்கரமானதல்ல, ஆனால் துடைக்கும் முறை இனத்துக்கு இனம் மாறும். பென்சில் பெட்டரிகளிலிருந்து ஒழுகி வெள்ளையாகப் பூத்திருப்பது காரம். வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ தொட்ட பஞ்சால் துடைத்தால் மெல்ல நுரைத்துக் கரையும். ஈயப் பெட்டரியிலிருந்து கசிவது அமிலம். அதற்கு அப்பச்சோடா கரைத்த தண்ணீர். மாற்றிப் போட்டால் பயனில்லை. இரண்டுக்கும் கையுறை அவசியம். கடைப்பையைக் கையில் மாட்டிக்கொண்டாலும் போதும்.

பொத்தான் பெட்டரி பெரும்பாலும் மின்னேற்றும் வகையல்ல என்றாலும் அதைச் சொல்லாமல் விட மனமில்லை. ரிமோட்டிலும் விளையாட்டுச் சாமானிலும் இருக்கும் 20 மில்லிமீற்றர் லித்தியம் வில்லையைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் தங்கினால், இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே ஆழமான புண்ணை உண்டாக்கும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், தானாக வெளியேறும் என்று காத்திருக்காதீர்கள். உடனே எக்ஸ்ரே வசதியுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

செத்ததைச் சேர்த்து வைக்கும் டின்

லாச்சிக்குள் கிடந்த உப்பல்கள் இரண்டையும் நான் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் மணல் போட்டு இறக்கியபோது பக்கத்துக் காம்பரா அக்கா பார்த்துக்கொண்டு நின்றார். "தம்பி, செத்த பெட்டரிக்கு எதுக்கு இம்புட்டு மரியாத?" என்று சிரித்தார். "அதுக்கு இன்னும் உயிர் இருக்கு அக்கா" என்று சொல்லி, உப்பாத ஒரு பழைய 18650ஐச் சின்ன டோர்ச் குமிழோடு கம்பியால் தொட்டுக் காட்டினேன். மஞ்சளாக மங்கி எரிந்தது. அவர் உள்ளே போய், தன் வீட்டிலிருந்து நான்கு பெட்டரிகளைக் கொண்டுவந்து தந்தார்.

டின்னில் அடைக்கும் முறை இது. ஒவ்வொரு பெட்டரியின் இரு முனைகளையும் ஒட்டுநாடாவால் மூடுங்கள். சில்லறையும் சாவியும் பெட்டரியும் ஒரே பையில் கிடந்து முனைகள் தொட்டுக்கொண்டால் கம்பி சிவக்கும் அளவு மின்னோட்டம் பாயும். லித்தியத்துக்கு ஒரு டின், மற்றவற்றுக்கு இன்னொன்று. லித்தியம் டின்னில் உலர்ந்த மணலைப் பரப்பி, பெட்டரிகள் ஒன்றையொன்று தொடாமல் படுக்கவைத்து, மேலேயும் மணல் போடுங்கள். மூடியை இறுக்காமல் சும்மா வையுங்கள். வாயு வெளியேற வழியில்லாவிட்டால் டின்னே வெடிக்கும். மழையும் வெயிலும் பிள்ளைகளின் கையும் எட்டாத வெளிமூலைதான் அதன் இடம். உப்பியது இருந்தால் மாதக்கணக்கில் காத்திராமல் அந்த வாரமே ஒப்படைத்துவிடுங்கள்.

அடுப்பில் போடாதீர்கள், வெடிக்கும். கொழுந்து மலைக்குள் வீசாதீர்கள். குழி தோண்டிப் புதைப்பதும் அதே வீச்சுதான். ஹோர்ட்டன் சமவெளியிலும் அதைச் சூழ்ந்த மலைகளிலும் ஊறும் நீர்தான் மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் போகிறது. அவ்வளவு தூரம் போவானேன், மேல் கணக்கில் (தோட்டத்தின் மேற்பிரிவில்) புதைத்தது மழையில் கரைந்தால் இறங்குவது கீழ்க் கணக்கின் பீலிக்கு. ஈயப் பெட்டரியை உடைத்து ஈயம் உருக்குவது எல்லாவற்றிலும் கொடியது. அந்தப் புகையும் தூசும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவென்று ஒன்றில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

யாரிடம் ஒப்படைப்பது

ஈயப் பெட்டரிக்கு வழி இலகு: புதியதை வாங்கும் கடையில் பழையதைக் கொடுத்தால் விலையில் கழிப்பார்கள். போத்தலும் பழைய இரும்பும் எடுக்க வருபவரும் காசு கொடுப்பார்தான். ஆனால் அவர் அதை எங்கே, யாரிடம் உடைக்கக் கொடுக்கிறார் என்பது நமக்குத் தெரியாது. கடைக்கே கொண்டுபோவது என் தெரிவு.

லித்தியமும் நிக்கலும்தான் சிக்கல், அவற்றுக்கு எவரும் காசு தர மாட்டார்கள். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008இல் வந்த ஒழுங்குவிதிகள், அபாயகரமான கழிவுகளைப் பட்டியலிட்டு, அவற்றைச் சேகரிப்பதற்கும் கொண்டுசெல்வதற்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்கின்றன. அனுமதி பெற்ற மின்னணுக் கழிவுச் சேகரிப்பாளர்கள் யார் என்று மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் கேட்டு அறியலாம். கையடக்கத் தொலைபேசி நிறுவனங்கள் சிலவும் தமது வாடிக்கையாளர் நிலையங்களில் பழைய போன்களையும் பெட்டரிகளையும் பெறுகின்றன. பஸ் ஏறும் முன், உங்கள் ஊர்க் கிளை எடுக்கிறதா, உப்பியதையும் எடுக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளூராட்சி மன்றத்தையும் விட்டுவிடக்கூடாது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குச் சபையின் சேவைகள் எட்டாதபடி நெடுங்காலம் தடுத்து நின்றது. 2018இல் அது திருத்தப்பட்டது. சட்டம் மாறினாலும் குப்பை லொறி இன்னும் பல லயங்களின் பக்கம் திரும்புவதில்லை என்பது வேறு கதை. ஆனால் கேட்பதற்கு இப்போது உரிமை இருக்கிறது. ஒரு வீட்டின் டின் நிரம்ப ஒரு வருடம் எடுக்கலாம்; இருபது வீடுகள் சேர்ந்து ஒரு பெட்டி வைத்தால் சில மாதங்களிலேயே கொண்டுபோகும் அளவு சேரும். தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடமோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ அந்தப் பெட்டியோடு போய்ப் பேசினால், வெறுங்கையோடு போவதைவிடப் பதில் வேகமாக வரும்.

எங்கள் லயத்தில் 10ஆம் திகதி சம்பளம் எடுத்து, சாமான் வாங்க டவுனுக்குப் போகும் நாளை இதற்கென்று வைத்திருக்கிறோம். யாராவது ஒருவர் டின்னைத் துணிப்பைக்குள் நிமிர்த்தி வைத்து மடியில் எடுத்துப் போவார். பஸ்ஸில் இன்ஜின் பெட்டிக்கு மேலே வைக்கக்கூடாது, அது சுடும். ஒப்படைத்தபின் வெறும் டின்னைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். திரும்பப் போடும் மணல் பனியில் ஈரமாகியிருந்தால், பழைய சட்டியில் வறுத்து, நன்றாக ஆறியபிறகு போடுங்கள்.